முதலில் நீங்கள், பிறகு நான்

ஜனவரி 12

வாயாடி நாத்தனாருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அதைத்தான் போனில் சொன்னீர்களே என்பாய். போனில் என்னத்தைப் பேசுவது? போன் உன் அண்ணனுடையது. நீ பேசும்போது அவர் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொள்வார். நடுவில் பாப்பா புகுந்து, "அம்மா, எப்ப வருவே?" என்று அழ ஆரம்பித்தால் நம் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் அவளுக்கு. நமக்குள் உள்ள பேச்சைத் தபாலில் வைத்துக்கொள்வோம்.

நர்ஸ் விடுதியில் எனக்குப் பாதி அறை கொடுத்திருக்கிறார்கள். மீதிப் பாதியில் இருப்பவளுக்கு இரவு வேலை. நான் வரும்போது தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். இதுவரை அவள் குதிகாலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடம். நாள் முழுக்க ஈரத் துணி வாசனை. நம் பழைய வார்டு ஞாபகம் வந்து மனதுக்கு ஆறுதலாகக்கூட இருக்கிறது.

வேலை அறுவை சிகிச்சை வார்டில். ஆறு படுக்கைகள் என் பொறுப்பு. முதல் நாள் யாரோ "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நான் பாட்டுக்குத் துண்டு மடித்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு வருஷ உதவியாளர் வேலையில் "இந்தாம்மா" என்றால் திரும்பிய கழுத்து இது. புதுப் பெயருக்குப் பழக நாளாகும்.

வீட்டு விஷயம். பாப்பாவின் சீருடையை முதல் நாளே தேய்த்துவிடு. காலரை உள்பக்கமாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பளபளக்கும். பின்னலை இறுக்கினால் தலை வலிக்கிறது என்பாள், நம்பாதே. பால் வைத்தால் அடுப்பை விட்டு நகராதே. உன் அண்ணன் லிஃப்டு பழுதுபார்த்துவிட்டு வரும்போது சட்டைப் பையில் திருகாணி இருக்கும், துவைக்கப் போடும் முன் தடவிப் பார். குளியலறை வாளியைக் கவிழ்த்து வை. தலையணை உறையை வாரம் ஒரு முறை மாற்று.

நம் ஒப்பந்தத்தை மறக்கவில்லை. "முதல்ல நீங்க, பிறகு நான்" என்று நீ சொன்னதை நம்பித்தான் நான் புத்தகத்தையே தொட்டேன். பகலில் உதவியாளர் வேலை, சாயங்காலம் நர்சிங் வகுப்பு என்று நான்கு வருஷம் நான் ஓடியபோது, நீயும் அதே வார்டில் வேலை பார்த்துவிட்டு வந்து பாப்பாவையும் வீட்டையும் தாங்கினாய். ஆறு மாதம் ப்ரொபேஷன் முடிந்தால் ஜூலையில் நான் நிரந்தரம். நிரந்தரமானவர்களுக்குக் குடும்பத்தோடு இருக்க வீடு தருவார்கள். பாப்பாவை நான் அழைத்துக்கொள்வேன். நீ வகுப்புக்குப் போவாய். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

அன்புள்ள
அண்ணி


ஜனவரி 27

அண்ணிக்கு,

கடிதம் என்று ஆசையாகப் பிரித்தேன். பாதிக்கு மேல் வேலைப் பட்டியல். பால் பொங்கும் என்பது எனக்கும் தெரியும். நானும் பாப்பாவுக்கு அத்தைதான், இந்த வீட்டுக்கு நேற்று வந்தவள் இல்லை. நீங்கள் அங்கே இருந்துகொண்டே இங்கே வீடு பெருக்குகிறீர்கள்.

சரி, சண்டை போதும். பாப்பா பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள். பின்னல் தளர்வாகத்தான் போடுகிறேன், அவளுக்கு நிஜமாகவே வலிக்கிறது. அண்ணன் வழக்கம் போல. ஊரில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறார், சாப்பிட்ட தட்டு மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கும். டீவி முன்னால் உட்கார்ந்தால் எழுப்ப ஆளில்லை. நல்லவர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

வார்டில் உங்கள் அலமாரியை ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். "உங்க அண்ணி சிஸ்டர் ஆயிட்டாங்களாமே, இனி நம்மையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். "அவங்களுக்கு எப்பவுமே அழுக்குத் துணிதான் கண்ணுக்குத் தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். நர்சிங் பள்ளியில் போய் விசாரித்தேன். இந்த ஜூலையில் நான் சேராவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அடுத்த வருஷம் என்ற பேச்சே கிடையாது. அங்கே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடைசி பஸ்ல ஏற வந்திருக்கீங்க" என்றார். வாரத்தில் நாலு சாயங்காலம் வகுப்பு. பாப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. ஆகவே அண்ணி, நீங்கள் அங்கே நிரந்தரம் ஆவதில்தான் என் முறையும் இருக்கிறது. பயமுறுத்தவில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

நாத்தனார்


பிப்ரவரி 19

வாயாடிக்கு,

நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். இனி பால் பற்றி எழுத மாட்டேன். (தலையணை உறை மாற்றினாயா?)

என் ஆறு படுக்கைகளும் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. நோயாளிகளின் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, இந்த சிஸ்டர் கையில் விட்டால் கவலையில்லை என்கிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. பல மாதமாகப் படுத்திருக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார், மற்றவர்களின் மருந்துச் சீட்டில்கூட எழுத்துப் பிழை பார்ப்பார்.

ஆனால் இங்கே ஒரு சங்கடம். எங்கள் பக்கத்துக்கு ஓர் உதவியாளர் இருக்கிறாள். என்னைவிடப் பெரியவள், வாய் ஓயாது, அதனால் வார்டு முழுக்க அவளுக்கு ரேடியோ என்று பெயர். முதல் வாரம் என்னிடம் தன் வீட்டுக் கதை, பக்கத்து வீட்டுக் கதை, அவர்கள் உறவுக்காரர் கதை எல்லாம் சொன்னாள். இப்போது என்னைக் கண்டால் ரேடியோ நின்றுவிடுகிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறாள். நான் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. சொல்லப்போனால் அவள் வேலையில் பாதியை நானே செய்துவிடுகிறேன். படுக்கை விரிப்பதா, உடம்பு துடைப்பதா, மலத்தட்டு எடுப்பதா, அவள் வருவதற்குள் முடித்துவிடுவேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இன்னொருத்தியை ஏவ எனக்கு வாய் வரவில்லை. நம்மை ஏவிய வாய்கள் எத்தனை! "இந்தாம்மா, இதை எடு, அதைத் துடை" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்வார்களே. அந்த வாயாக நான் ஆக மாட்டேன் என்று படிக்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

நேற்று தலைமை நர்ஸ் கூப்பிட்டார்கள். அவர்கள் கோபப்பட மாட்டார்கள், அதுதான் கஷ்டம். "உங்க கை சுத்தமா இருக்கு, படுக்கை சுத்தமா இருக்கு. பத்து மணி மருந்து பத்தே முக்காலுக்குப் போகுது. ஏன்?" என்றார்கள். இனி இன்னும் சீக்கிரம் வந்து படுக்கை வேலையை முடித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 5

அண்ணிக்கு,

தலையணை உறை மாற்றியாயிற்று. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் சொல்லும்வரை தெரியாத மாதிரி இருங்கள். அதே வீட்டில் இருக்கும் அண்ணனுக்கு அது தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

சீக்கிரம் வந்து படுக்கை வேலையை முடிப்பதா? அண்ணி, உங்களுக்குச் சம்பளம் எந்த வேலைக்கு?

அந்த ரேடியோவின் பக்கம் நான் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன மாதம் எங்கள் வார்டுக்கு ஒரு புது சிஸ்டர் வந்தாள். நல்ல பெண். நான் விரித்த படுக்கையை, என் கண் முன்னாலேயே உருவிவிட்டு மறுபடி விரித்தாள். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்க அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எத்தனை வருஷமாக விரிக்கிறேன்! அவள் என்னை ஏவியிருந்தால் கோபம் வந்திருக்கும், சாயங்காலத்துக்குள் போயிருக்கும். இது போகவில்லை. இப்போதும் அவள் எதிரே வந்தால் எனக்கும் பேச்சு நின்றுவிடுகிறது.

நீங்கள் அவளுக்கு உதவி செய்வதாக நினைக்கிறீர்கள். அவள் காதில் விழுவது, உனக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான். எனக்கும் உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோது அப்படித்தான் விழுந்தது.

பத்து மணி மருந்து பத்து மணிக்குப் போகட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

நாத்தனார்


ஏப்ரல் 3

நாத்தனாருக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

என் ஆறு படுக்கைகளில் ஒன்றில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் இருந்தார். கையில் கடிகாரம் கட்டியிருந்தும் என்னிடம் மணி கேட்பார். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். திங்கட்கிழமை காலை நாடி பார்த்தேன், கொஞ்சம் வேகம். ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் சரியில்லை என்று மனதில் பட்டது. கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், இறங்கினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் படுக்கையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டார். ரேடியோ வாளியோடு வந்து நின்றாள். வாளியோடு, என் பக்கத்தில்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்." துடைத்தேன். விரிப்பை மாற்றினேன். சட்டை மாற்றினேன். அவர் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், பாவமாக இருந்தது, தலைகூட வாரிவிட்டேன். அவர் வெட்கப்படாமல் சிரித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

திரும்பினால் கடிகாரக்காரர் வெளுத்துப்போய்க் கிடக்கிறார். நெற்றியெல்லாம் சில்லென்று வேர்வை. "சிஸ்டர், மணி என்ன?" என்றார். குரலே எழும்பவில்லை. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஓடினோம், கத்தினோம், தள்ளுவண்டியில் மறுபடி அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டார் என்று எழுதிவிட்டு இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது, வேறு எதையோ எழுத வேண்டியிருக்கும். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் காப்பாத்தினீங்க" என்று அழுதாள். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

நடந்ததை ஒளிக்காமல் தலைமை நர்ஸிடம் சொன்னேன். அவர்கள் முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க ரொம்ப நல்ல உதவியாளர். எனக்கு இங்க வேணுங்கறது நர்ஸ்" என்றார்கள். அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை.

என்னால் முடியாது. எனக்குத் துடைக்கத் தெரியும், தூக்கத் தெரியும், ஆறுதல் சொல்லத் தெரியும். நின்று பார்க்கத் தெரியவில்லை. நம் மேட்ரனிடம் ஒரு வார்த்தை கேள். என் பழைய வேலையைத் திரும்பக் கொடுப்பார்களா என்று. அலமாரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

கேட்க மாட்டேன்.

நாத்தனார்


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

போன கடிதத்தைப் பெட்டியில் போட்ட உடனே திரும்ப எடுக்க முடியுமா என்று தபால்காரரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

உங்கள் கடிதத்தை வார்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். முதலில் அந்தக் கடிகாரக்காரருக்காகப் பயந்தேன். பிறகு உங்களுக்காக அழுதேன். பிறகு எனக்காக அழுதேன், அதுதான் ரொம்ப நேரம். நல்ல நாத்தனாராக இருந்தால், அண்ணி, உங்கள் நல்லதுக்குத்தான் அங்கேயே இருக்கச் சொல்கிறேன் என்று எழுதலாம். எதற்குப் பொய்? என் முறைக்காகத்தான் சொல்கிறேன். நான்கு வருஷம் உங்கள் பாடப் புத்தகத்தை மேஜையில் இருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். தட்டும்போதெல்லாம் இரண்டு பக்கம் படித்துவிட்டுத்தான் வைப்பேன். உங்களிடம் சொன்னதில்லை. உங்கள் பரீட்சை நாளில் உங்களுக்கு முன்னால் விழித்து உட்கார்ந்திருந்தவள் நான்.

நின்று பார்க்கத் தெரியவில்லை என்கிறீர்கள். பொய். நாடி சரியில்லை என்று உங்கள் மனதில் பட்டதே, அது யாருக்குப் பட்டது? உதவியாளருக்கா? பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, உங்களுக்குப் பழகின வேலை எதிரே வந்ததும் அதற்குள் ஓடி ஒளிந்துகொண்டீர்கள். வாந்தி துடைத்தால் உடனே சுத்தமாகிவிடும், நோயாளி சிரிப்பார். நாடி பார்த்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், பயம்தான் மிச்சம். நானாக இருந்தாலும் துடைக்கத்தான் போயிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன்.

வாளியோடு வந்து நின்றவளை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பாளா? "நீங்க போங்க" என்று நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் என்று அவளும்தான் தூங்காமல் புரண்டுகொண்டிருப்பாள். போய் அவளிடம் பேசுங்கள். என்ன பேசுவது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. நான் யாருக்கும் புத்தி சொல்கிற ஆள் இல்லை, வாயாடிதான்.

மேட்ரனிடம் கேட்க மாட்டேன் என்பது மட்டும் அப்படியேதான்.

நாத்தனார்


மே 14

வாயாடிக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. ரோஷம்தான். ஓடி ஒளிந்துகொண்டீர்கள் என்று எழுதிவிட்டாயே. நாலைந்து நாள் உன்னைத் திட்டினேன். அப்புறம் திட்ட ஒன்றும் மிச்சமில்லை.

ரேடியோவைத் துணி அறையில் பிடித்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. "அன்னைக்கு நான் உங்ககிட்ட வேலையக் குடுத்துட்டு அந்தப் பக்கம் போயிருக்கணும்" என்றேன். அவள் விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தாள். "நான் மடிச்சத நீங்க பிரிச்சு மடிப்பீங்க. எத்தன நாள் பாத்துக்கிட்டு நின்னேன் தெரியுமா? என் வேல சரியில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம்" என்றாள். உன் மார்ச் மாதக் கடிதத்தை அவளும் படித்துவிட்டாளோ என்று தோன்றிவிட்டது.

"ரொம்ப சரியா இருந்துச்சு. எனக்குத்தான் கேக்கத் தெரியல" என்றேன்.

"கேக்கறதுக்கு என்ன படிப்பா படிக்கணும்?" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவள் கொஞ்சம் அழுதாள். நான் விடுதிக்கு வந்த பிறகு அழுதேன்.

ஆனாலும் கேட்பது லேசாக இல்லை, சொல்லி வைக்கிறேன். முதல் நாள் "இந்தப் படுக்கையைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்துவிட்டு, கை தானாக விரிப்பின் ஓரத்தைப் பிடித்துவிட்டது. ரேடியோ என் கையைத் தட்டிவிட்டாள். வார்டே பார்த்தது. இப்போது காலையில் வந்ததும் இரண்டு பேரும் ஆறு படுக்கையையும் சுற்றி வருகிறோம். யாரை எப்போது குளிப்பாட்டுவது, யாரை எழுந்து நடக்க வைப்பது என்று பேசிக்கொள்கிறோம். அவள் துடைக்கும்போது நான் நாடி பார்க்கிறேன். வாத்தியார் மறுபடி வாந்தி எடுத்தபோது திரும்பிப் பார்க்காமல் மருந்தை அளந்தேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முதுகெல்லாம் கூசியது.

ரேடியோ மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. இப்போது நிறுத்தத்தான் வழியில்லை.

அண்ணி


ஜூன் 21

நாத்தனாருக்கு,

இதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். ப்ரொபேஷனை அக்டோபர்வரை நீட்டிவிட்டார்கள்.

தலைமை நர்ஸ் உட்காரச் சொல்லித்தான் சொன்னார்கள். "மே மாசத்துலேர்ந்து பாத்தா உங்க மேல எனக்குக் குறையே இல்ல. ஆனா ஏப்ரல்ல நடந்தத நான் அழிக்க முடியாது. இன்னும் மூணு மாசம் இதே மாதிரி இருங்க" என்றார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். அவர்கள் மேல் கோபமில்லை.

ஆனால் ஜூலையில் வீடு கிடையாது. பாப்பாவை விடுதியில் வைத்துக்கொள்ள முடியாது. நீ வகுப்பில் சேர வேண்டியது ஜூலை. என் கணக்கு தப்பியதில் உன் வருஷம் போகப் போகிறது. வருஷம்கூட இல்லை, வாய்ப்பே போகப் போகிறது.

யோசித்துவிட்டேன். நான் வந்துவிடுகிறேன். இது ஏப்ரல் மாதத்துப் பயம் இல்லை, இப்போது எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. பிடித்திருக்கும்போதே விடுகிறேன். பழைய வேலை கிடைத்தால் சேர்கிறேன், கிடைக்காவிட்டால் வீட்டில் இருக்கிறேன். பாப்பாவையும் சமையலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போய்ப் படி. நான் படித்துவிட்டேன், ஆறு மாதம் நர்ஸாகவும் இருந்துவிட்டேன், போதும். ராஜினாமாக் கடிதம் எழுதியாயிற்று. மாதம் பிறந்து பத்து நாளுக்குள் கொடுத்துவிடுவேன்.

மறுத்து எழுதாதே. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி


ஜூலை 4

அண்ணிக்கு,

"எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்." இதைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கிச் சுவரில் எறிந்தேன். பாப்பா எடுத்து நீவிக் கொடுத்தாள். வாந்தி எடுத்தவர் வாத்தியார் இல்லை, இப்போது நான். அவ்வளவுதான் வித்தியாசம். துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறீர்கள்.

ஆனால் கோபம் ஆறியபிறகு எனக்கு ஒன்று உறைத்தது. நீங்கள் யாரையும் கேட்க மாட்டீர்கள் என்று நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேனே, நான் யாரைக் கேட்டேன்? நம் ஒப்பந்தத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், நான் இருக்கிறேன், பாப்பா இருக்கிறாள். இந்த வீட்டில் இன்னொரு ஆள் டீவி முன்னால் உட்கார்ந்திருப்பது நம் இரண்டு பேர் நினைவுக்கும் வந்ததே இல்லை.

போய் முன்னால் நின்றேன். "அண்ணா, வாரத்துல நாலு நாள் சாயங்காலம் நீதான் பாப்பாவப் பாத்துக்கணும். சமையலும் நீதான். நான் படிக்கப் போறேன்."

சத்தத்தைக் குறைத்தார். "ஜூலைல அவ வந்து பாப்பாவக் கூட்டிட்டுப் போறான்னு சொன்னீங்களே?"

"அக்டோபர் ஆகும். அதுக்கப்புறமும் என்ன ஆகும்னு தெரியாது."

"சாயங்காலம் எனக்கு வேலை வந்தா?"

"வேற ஆள அனுப்பச் சொல்லு. கேட்டுப் பாரு."

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கதவை அடித்துச் சாத்தினார். சரி, இதுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் வந்து, "காலை ஷிஃப்டு குடுங்கன்னு கேட்டேன். குடுத்துட்டாங்க" என்றார். அவருக்கே ஆச்சரியம். அப்புறம், "இத்தன வருஷமா ஏன் யாருமே எங்கிட்ட எதுவும் கேக்கல?" என்றார், குறைப்பட்டுக்கொள்கிற மாதிரி.

விடுவேனா? "நீ ஏன் கேக்கல?" என்றேன். போய்த் தட்டைக் கழுவினார்.

மாதம் பிறந்ததும் சேர்ந்துவிட்டேன், அண்ணி. முதல் வகுப்பும் முடிந்தது. எல்லாரும் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள். என்னை டீச்சர் என்று நினைத்து ஒரு பெண் எழுந்து நின்றாள்.

இப்போது நீங்கள் கேட்க விரும்பாததைச் சொல்கிறேன். நாங்கள் நன்றாக இல்லை. அண்ணன் சமைத்ததை வாயில் வைக்க முடியவில்லை. சோறு அடியில் தீய்ந்து மேலே வேகாமல் இருந்தது. அது எப்படி முடியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சீருடை கசங்கியபடி பள்ளிக்குப் போகிறது. பாப்பா இரண்டு நாளாக உங்கள் புடவையைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். நேற்று அவள் அம்மா வேண்டும் என்று அழுதபோது அண்ணன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், நடந்துகொண்டே அவரும் அழுதார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் உங்களைத் தேடுகிறேன். பக்கத்தில் இருந்தால் சண்டை போடுவோம், அது வேறு.

இவ்வளவும் உண்மை. நீங்கள் வந்தால் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடும், அதுவும் உண்மை.

வராதீர்கள்.

நாத்தனார்


ஜூலை 9

வாயாடிக்கு,

உன் கடிதம் வேலை நேரத்தில் வந்தது. விடுதிக் காவலாள் வார்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். சாப்பாட்டு நேரம்வரை காத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். மருந்து கொடுத்து முடித்த கையோடு, ஜன்னல் ஓரமாக நின்று பிரித்துவிட்டேன். பாப்பா, புடவை என்று வந்த இடத்துக்கு மேல் எழுத்து தெரியவில்லை.

நான் வேலையில் அழுதது கிடையாது. உனக்குத் தெரியும். எத்தனை சாவு பார்த்திருக்கிறோம், முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவேன். இன்றைக்கும் அப்படிப் போகத்தான் பார்த்தேன். கழுவக் கழுவ முகம் மறுபடி நனைந்தது.

அப்புறம் பக்கத்து நர்ஸிடம் போனேன். "என்னால இப்ப முடியல. என் ஆறு பேரையும் கொஞ்ச நேரம் பாத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். எனக்காக நான் கேட்ட முதல் உதவி இது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எதுவும் விசாரிக்காமல் என் சீட்டுகளை வாங்கிக்கொண்டாள். ரேடியோ என்னை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று யாரையும் உள்ளே விடவில்லை. நன்றாக அழுதேன். எழுந்து வந்தபோது ஆறு பேரும் அவரவர் படுக்கையில் பத்திரமாக இருந்தார்கள். நான் இல்லாமலே.

பாப்பாவிடம் அம்மாவும் அழுதாள் என்று சொல். மறைக்காதே. உன் அண்ணனிடம், சோற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு என்று என்னைக் கேட்கச் சொல். கேட்டால் மட்டும் சொல்கிறேன்.

வரவில்லை.

அண்ணி